சிங்கப்பூர் விழுந்த மறுவருஷத்து இரும்புத் தொப்பி

இரும்புத் தொப்பி ஒன்றை என் கையில் கொடுத்தால் முதலில் அதை மல்லாத்திவிடுவேன். வெளிப்பக்கத்தைப் பார்த்து ஆவது ஒன்றுமில்லை. பச்சைப் பெயிண்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒரு நசுங்கலைக் காட்டி, குண்டு பட்ட இடம் என்று யார் வேண்டுமானாலும் கதை விடலாம். விளிம்பின் அடியில், மோவாய் வாரைக் கோக்கும் கொக்கிக்குப் பக்கத்தில் விரலை ஓட்டினால் சின்னதாக ஒரு மேடுபள்ளம் தட்டுப்படும். தொப்பி செய்த பட்டறையின் எழுத்து, இரும்பு உருக்கிய தொகுதியின் எண், பலவற்றில் வருஷம், எல்லாம் அங்கேதான் அடித்திருப்பார்கள்.

வடக்கே ஒரு ராணுவத் தளவாடக் கிடங்கில் எனக்கு ஸ்டோர்கீப்பர் உத்தியோகம். உலகப் போர் முடிந்து எத்தனையோ காலமாகியும் அதன் தொப்பிகள் மூட்டை மூட்டையாக அங்கே கிடந்தன. பழையதைக் கழித்து, தேறுவதை ஒதுக்க வேண்டும். எதைக் கழிப்பது என்று முத்திரையைப் பார்த்துச் சொல்வது என் வேலை. உச்சியில் ஆணி அடித்திருந்தால் முதல் போர்க் காலத்து இரும்பு ஓடு, திருகாணி என்றால் இரண்டாவது. வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் இருந்து வருஷம் இல்லாவிட்டால் அநேகமாக முதல் போரில் சீமையில் செய்தது. பின்விளிம்பில் மூன்று துளை இருந்தால் தென்னாப்பிரிக்கா. இந்தியாவில் அடித்ததற்குத் தனி எழுத்து, அதன் கீழே வருஷம். உள்ளே இருக்கும் துணியையும் வாரையும் மட்டும் நம்பக்கூடாது. கிழிந்தால் மாற்றிவிடுவார்கள். இரும்பு ஓடு அப்படியில்லை, அது பிறந்த தேதியைத் தன்னோடு வைத்திருக்கும்.

இதையெல்லாம் நான் பெருமைக்குச் சொல்லவில்லை. லீவில் ஊருக்கு வந்து இந்த வித்தையை எடுத்து விட்டால் ஒரு டீ வாங்கிக் கொடுக்க ஆள் இருக்காது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நெல்லின் முகத்தைப் பார்த்து ரகம் சொல்பவனுக்குத்தான் அங்கே மதிப்பு. என் தொப்பி வித்தை ஒரே ஒரு முறை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. நுழையாமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் வருந்துகிறேன்.

என் அப்பாவுக்கு ஒரே தம்பி. என் சித்தப்பா. கல்யாணமாகி ஒரே ஒரு பொங்கலை வீட்டில் கொண்டாடிவிட்டு, அண்ணனிடம் ஏதோ கோபித்துக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போனவர். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்ததோடு அவரைப் பற்றிய தகவல் நின்றுபோயிற்று. காணவில்லை என்று மட்டும் சர்க்காரிலிருந்து செய்தி வந்தது. சித்திக்கு அப்போது இருபதுகூட ஆகவில்லை.

போர் முடிந்த மறுவருஷம் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரர், சித்தப்பாவோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர். நான் சின்னப் பையன், ஆனாலும் நன்றாக நினைவிருக்கிறது. அவர் சேரிக்காரர் என்பதால் யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. கொல்லைப் பக்கம், மாட்டுக் கொட்டகைக்கு எதிரே நின்றார். ஒரு சாக்கை அவிழ்த்து ஓர் இரும்புத் தொப்பியை எடுத்துத் தரையில் வைத்தார். சிங்கப்பூர் விழுந்த அன்றைக்கே சித்தப்பா தன் கண்ணெதிரே போய்ச் சேர்ந்தார், இது அவர் தலையில் இருந்தது என்று சொன்னார். அப்பா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். வந்தவருக்குக் கையில் தண்ணீர் ஊற்றினார்கள். குடித்துவிட்டுப் போனார்.

உடம்பு இல்லாததால் ஆற்றங்கரையில் தர்ப்பையால் ஓர் உடம்பு செய்தார்கள். தலை இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தொப்பியை வைத்தார்கள். கொள்ளி வைக்கப் போகிற நேரத்தில், அது சர்க்கார் சொத்து, எரித்தால் கேஸ் வரும் என்று யாரோ பயமுறுத்த, அவசரமாக எடுத்து ஓரம் வைத்தார்கள். துக்க வீட்டிலும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே சித்தியை உட்கார்த்திவைத்து, எங்கள் வகையறாவில் கைம்பெண்ணுக்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்தார்கள்.

அதற்குப் பிறகு சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டார் தங்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். என் கல்யாணத்துக்கு முறுக்கு சுற்றியதும் மாவு சலித்ததும் அவள்தான். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் அவள் நெல் அறைக்குள் இருந்தாள். நானும் மணையில் உட்கார்ந்துகொண்டு அவளைத் தேடவில்லை. யாருக்கும் தேடத் தோன்றாத அளவுக்கு அவள் பழகியிருந்தாள். தொப்பி அவள் அறையில் பலகைமேல் விளிம்பு கீழாக இருக்கும். வருஷா வருஷம் திதியன்றைக்கு எடுத்துத் துடைத்து, சந்தனம் வைத்து, திரும்ப அதே இடத்தில் வைப்பாள். மல்லாத்தக் கூடாது என்று எப்படியோ ஒரு வழக்கம் ஏற்பட்டுப் போயிருந்தது.

கழக ஆட்சி வந்த புதிது. அப்பா கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்கு மாறியிருந்தார். மன்னார்குடித் தேரடியில் கூட்டம் போட்டு விதவைத் திருமணத்தைப் பற்றி யாராவது முழங்கினால் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருவார். வந்து, சித்தி எடுத்துவைக்கும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவார். அதே அப்பாவுக்கு நிலம் என்று வந்துவிட்டால் கழகமும் இல்லை, காங்கிரசும் இல்லை. மிராசுதார் மட்டும்தான்.

அந்த வருஷம் சம்பா அறுப்பில் தகராறு முற்றியது. ஆட்கள் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் முடியாது என்றார்கள். வயலில் செங்கொடி ஏறியது. அப்பாவும் இன்னும் சிலரும் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கிழக்கே நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து அடிதடி, வெட்டுக்குத்து என்று தினம் ஒரு செய்தி வந்தது. நான் அப்போதுதான் லீவில் வந்திருந்தேன்.

களத்துக்குப் போனால் கல் விழும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் நேரே சித்தியின் அறைக்குப் போனார், தொப்பியை எடுத்தார், தலையில் வைத்துக்கொண்டார். வேட்டி, மேல்துண்டு, தொந்தி, அதன் மேல் பட்டாளத்துத் தொப்பி. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தான், அது அவரோடது" என்று மட்டும் சொன்னாள். "அவன் இருந்தா குடுக்க மாட்டானா? அண்ணன் தலை ஒடையட்டும்னா சொல்வான்?" என்று கேட்டுவிட்டு அப்பா கிளம்பிப் போனார்.

ஒரு கல்லும் விழவில்லை. ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். வெயிலில் இரும்பு காய்ந்து தலை வெந்ததுதான் மிச்சம். மத்தியானம் வந்து தொப்பியைக் கொல்லையில் வீசினார். உள்ளே இருந்த மக்கிய துணி கிழிந்து தொங்கியது, வியர்வை நாற்றம் குமட்டியது. சித்தி அதை எடுத்துத் துவைகல்லில் வைத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். "குடுங்க சித்தி, நான் தேய்க்கிறேன்" என்று வாங்கினேன்.

வாங்கியதும் கை தன் பழக்கத்தில் அதை மல்லாத்திவிட்டது. இத்தனை காலச் சந்தனமும் எண்ணெய்ப் பிசுக்கும் கரைந்து ஓட, விளிம்பின் அடியில் முத்திரை தெரிந்தது. இந்தியப் பட்டறை எழுத்து. அதன் கீழே வருஷம். கிடங்கில் அந்த எழுத்தை நான் கூடை கூடையாகப் பார்த்திருக்கிறேன். வருஷத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிங்கப்பூர் விழுந்ததற்கு அடுத்த வருஷம் அது.

"இது எப்படி?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

சாய்வு நாற்காலியிலிருந்து அப்பா என்ன என்றார். நான் சொன்னேன். சித்தப்பா செத்ததாகச் சொன்ன நாளில் இந்தத் தொப்பி இன்னும் இரும்புத் தகடாகக்கூட ஆகியிருக்காது. இது நம் நாட்டில் செய்தது. அந்த வருஷம் சிங்கப்பூர் முழுக்க ஜப்பான்காரனிடம் இருந்தது, இங்கிருந்து ஒரு குண்டூசி அங்கே போயிருக்க முடியாது. உத்தியோகப் புத்தி, மேலதிகாரிக்கு ரிப்போர்ட் சொல்வது போல வரிசையாக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். சித்தி துவைகல்லுக்குப் பக்கத்தில் ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப இது அவரு போட்டிருந்தது இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்ல சித்தி. இருக்க முடியாது."

"அவரு அன்னிக்குச் சாகலியா?"

தொப்பி அதைச் சொல்லாது. தன் வயதைத்தான் சொல்லும். அப்பா எழுந்து உட்கார்ந்தார். "இவன் ஏதோ வடக்க போய்ப் படிச்சிட்டு வந்து ஒளறுறான். கருமாதி பண்ணியாச்சு, வருஷா வருஷம் திதி குடுத்தாச்சு, இனிமே என்ன? கெளறாதீங்க" என்றார். சித்தி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "குடுத்துட்டுப் போனவரு இருக்காரா?" என்று என்னிடம்தான் கேட்டாள்.

இருந்தார். அப்பாவுக்கே தெரியும். ஒரத்தநாட்டுப் பக்கம் செங்கொடி பிடித்தவர்கள் என்று மிராசுதார்கள் திட்டும் பெயர்களில் அவர் பெயரும் வரும். நாளைக்குப் போய்ப் பார்க்கணும் என்று சித்தி சொன்னதும் அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "இந்த நேரத்துல நம்ம வீட்டுப் பொம்பள அந்தத் தெருவுக்குப் போறதா? ஊரு என்ன சொல்லும்? எதிர்க்கட்சிக்காரன் சிரிக்க மாட்டானா?" என்றார். "சிரிக்கட்டும் அத்தான்" என்றாள் சித்தி. அவள் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் தொப்பியை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு சித்தி என்னோடு பஸ்ஸில் வந்தாள். வடுவூர் வந்தது. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "உயிரோட இருந்தா வராம இருப்பாரா?" என்றாள். வந்திருப்பார் என்று சொன்னால் செத்துவிட்டார் என்று ஆகிறது. வரமாட்டார் என்று சொன்னால் அதைவிட மோசம். நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வீடு சேரித் தெருவின் கோடியில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தார். தலை நரைத்திருந்தது, ஒரு கால் இழுத்தது. சித்தி தாழ்வாரத்தில் குனிந்து உள்ளே போய், அவர் மனைவி விரித்த பாயில் உட்கார்ந்தாள். அந்தப் பையிலிருந்து தொப்பி வெளியே வந்ததும் அவர் முகம் இருண்டுவிட்டது. நான் முத்திரையைக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

"இது அவரோடது இல்லைன்னு என் மகன் சொல்றான். நீங்கதான் சொல்லணும்" என்றாள் சித்தி. எங்கள் வீட்டார் யாரும் அந்தத் தெருக்காரர் ஒருவரை 'நீங்க' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவர் எங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். சிங்கப்பூரில் இருவரும் சேர்ந்துதான் பிடிபட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே முகாமில் இருந்தார்கள். அப்புறம் ஒருநாள் ஆட்களைப் பிரித்துப் பாதிப் பேரைக் கப்பலில் ஏற்றினார்கள். சித்தப்பா அதில் போனார், இவர் போகவில்லை. எந்தத் தீவுக்குப் போனது, போய்ச் சேர்ந்ததா, கடலிலேயே மூழ்கியதா, ஒன்றும் தெரியாது.

"விடுதலையாகி வந்தப்ப பட்டாளத்த கலைக்கிற முகாம்ல இந்தத் தொப்பியெல்லாம் குமிச்சுக் கெடந்துச்சும்மா. ஒண்ணு எடுத்துக்கிட்டேன். ஊருக்கு வந்து ஒங்க ஊரு ஆளுங்களக் கேட்டேன். அந்தப் பொண்ணு தெனம் பஸ்சு நிக்கிற எடத்துல வந்து நிக்கிது, ராணுவச் சட்டையப் பாத்தா ஓடிப்போயி கேக்குதுன்னாங்க. எனக்கு மனசு கேக்கல."

"அதுக்காகப் பொய் சொன்னீங்களா?" என்று நான் கோபமாகவே கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சித்தியிடமே சொன்னார். "எங்க தெருவுல புருசன் போயிட்டான்னா ஒரு வருசம் அழுவாங்க. அப்பறம் அறுத்துக் கட்டிக்குவாங்க, வேற கல்யாணம்தான். போனவன் இருக்கானா இல்லியான்னு தெரியாமக் கெடந்தாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது, பொண்ணு வாழ்க்க வீணாப் போயிடும். அதான் ஒரு முடிவச் சொல்லிட்டா ஒங்களையும் நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுத்துருவாங்கன்னு நெனச்சேன். இன்ன நாளுன்னு சொன்னாத்தான் நம்புவாங்கன்னு அந்த நாளச் சொன்னேன். தொப்பியும் இருந்தா சந்தேகம் வராதுன்னு கொண்டாந்தேன். ஒங்க வீடுகள்ல அந்தப் பழக்கம் கெடையாதுன்னு எனக்குத் தெரியாதும்மா. பெரிய வூட்டு விசயம் எங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருசம் கழிச்சு ஒங்கள வெள்ளப் பொடவையில மன்னார்குடி கடைத்தெருவுல பாத்தேன். அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அப்பறம் அந்தப் பக்கமே நான் வரல."

அவர் மனைவி டம்ளர்களில் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். காதில் தோடு ஆட, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, வஞ்சனையில்லாமல் சிரிக்கும் முகம். "இவளும் அறுத்துக் கட்டுனவதாம்மா. மொத புருசன் வெள்ளத்துல போயிட்டான்" என்றார் அவர், ஏதோ சாட்சி சொல்வது போல. சித்தி அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை எடுத்து முழுக்கக் குடித்தாள்.

"நான் உங்க தெருவுல பொறந்திருக்கலாம்" என்றாள்.

அவள் அழுதபடி அதைச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். எனக்குக் கோபப்பட ஆள் இல்லாமல் போயிற்று. நல்லது செய்ய நினைத்த மனிதர். அவருக்குத் தெரிந்த உலகத்தில் மரணச் செய்தி ஒரு பெண்ணை அவிழ்த்துவிடும். எங்கள் வீட்டிலோ அதே செய்தி அவளைக் கட்டிப்போட்டது. காணாமல் போனவன் மனைவியாகவே இருந்திருந்தால் அவள் என் கல்யாணத்தில் முன்னால் நின்றிருப்பாள். அதற்குக்கூட வழியில்லாமல் செய்தது எங்கள் சாதியின் கௌரவம்தான். கோபப்படுவதென்றால் நாங்கள் எங்கள் மேலேயே கோபப்பட வேண்டும், அது யாருக்கு வரும்?

தொப்பியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். அவர் வேண்டாம் என்றார். "எனக்கும் வேண்டாம்" என்று சித்தி நடந்தாள்.

அந்தக் கூலித் தகராறு ஒருவழியாக அடங்கியது. அறுப்பும் முடிந்தது. நாங்கள் போய்வந்ததைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் லீவு முடிந்து கிடங்குக்குத் திரும்பினேன். ஓடுகளை மல்லாத்தி முத்திரை பார்க்கும்போதெல்லாம் விரல் கொஞ்சம் தயங்கும். ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியின் வீட்டில் போய் உட்கார்ந்திருக்க வேண்டியது என்று தோன்றும். அந்த நினைப்போடு வேலை பார்ப்பது கஷ்டம். மாற்றல் கேட்டு வேறு பிரிவுக்குப் போய்விட்டேன்.

அடுத்த திதிக்கு ஊரில் இருந்தேன். அப்பா விடவில்லை, அதே நாளில், அதே ஐயரை வைத்து எல்லாம் செய்தார். சித்தி விடியற்காலையிலேயே குளித்து, எப்போதும் போல வாழைக்காய் வறுவலும் பாயசமும் செய்தாள். எல்லாம் முடிந்ததும் இலையில் சோற்றை எடுத்துக் காக்காய்க்கு வைக்க வேண்டும். அதை எப்போதும் அவள்தான் செய்வாள். அப்பா இரண்டு முறை கூப்பிட்டார். அவள் அடுப்பங்கரையை விட்டு வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். இலையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வையிடா" என்று இலையை என்னிடம் நீட்டினாள். "அவரு எங்கயாச்சும் உசுரோட இருந்தா, நான் வைக்கலாமா?"